சிப்பி விளையும் நீரும் நம் சுகாதாரமும்

ஒரு கிராமத்தின் செல்வம் அதன் நன்செய் புன்செய்களில் மட்டும் அடங்கியிருப்பதில்லை. கடலோரத்தில் வாழும் மக்களுக்குக் கழியும் ஒரு வயலாகும். அங்கே ஏர் பூட்டி உழுவார் இல்லை. விதை தெளிப்பாரும் இல்லை. ஆயினும் அறுவடை உண்டு. இறாலும் நண்டும் மீனும் அவ்வயலின் விளைவுகள். பாறைகளிலும் சேற்றிலும் தாமாகவே வளர்ந்து பெருகும் ஆளி, மட்டி, பச்சைச் சிப்பி முதலியனவும் அவ்வாறே. ஏழை மக்களுக்குக் குறைந்த செலவில் புரதச் சத்தை அளிப்பவை இவை. சதையை உண்டபின் எஞ்சும் ஓடுகூட வீணாவதில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்குப் போய்ச் சேருகிறது.

இத்தகைய வயலின் மண் எப்படிப்பட்டது என்று நாம் கேட்பதுபோல, சிப்பி விளையும் நீர் எப்படிப்பட்டது என்றும் கேட்க வேண்டும். நெல் பயிரிடுமுன் மண்ணைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்புகிறோம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலை அளந்து, சோதித்து, அதன்பின் விலை கொடுக்கிறோம். சிப்பி விளையும் நீருக்கும் இதே முறை பொருந்தும். அந்த நீரை ஏன் சோதிக்க வேண்டும், எவ்வாறு சோதிக்கிறார்கள், அதில் பஞ்சாயத்துகளுக்கும் விவசாயிகளுக்கும் உள்ள பங்கு யாது என்பவற்றை, வடசென்னைக் கரையை உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

வடசென்னைக் கரையின் நிலை

இராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் காட்டுப்பள்ளி, பழவேற்காடு வரையில் செல்லும் கரை, தமிழ்நாட்டின் பழைய மீன்பிடிக் கரைகளுள் ஒன்று. காசிமேட்டில் பெரிய மீன்பிடித் துறைமுகம் உள்ளது. எண்ணூரில் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகிய மீனவர் ஊர்கள் முகத்துவாரத்தையும் கழியையும் நம்பி வாழ்கின்றன. இங்குள்ள மீனவர்களோடு இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர்களும் கழி நீரில் இறங்கிக் கைகளாலேயே இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கின்றனர்.

இக்கரையின் சிப்பி வளம் ஆராய்ச்சியாளரின் கவனத்தை ஈர்த்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் ஆளி வளர்ப்பு முறைகளைக் கண்டு வந்து, அவை நம் உப்பங்கழிகளுக்கு ஏற்றவையா என்று ஆராய்ந்தார். பழவேற்காட்டில் ஆளி வளர்ப்புச் சோதனையும் நடைபெற்றது. பிற்காலத்தில், 1970க்குப் பிந்திய ஆண்டுகளில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் ஆளி வளர்ப்பை விரிவாக மேற்கொண்டு வழிகாட்டியது.

ஆனால் எண்ணூர்க் கழிக்கு வந்து சேரும் நீரைப் பாருங்கள். பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் கொசஸ்தலையாறு, வயல்களையும் ஊர்களையும் ஏரிகளின் உபரி நீரையும் தொட்டுக்கொண்டு இங்கே கடலை அடைகிறது. தெற்கிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் நகரத்துக் கழிவுநீரைச் சுமந்து வருகிறது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்ற அக்கால்வாய் இன்று பெரும்பாலும் சாக்கடையாகவே ஓடுகிறது. மணலியில் 1969ஆம் ஆண்டில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. உரம், இரசாயனத் தொழிற்சாலைகளும் அப்பகுதியில் பெருகின. கழியை ஒட்டி அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 2001ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே இன்று காமராசர் துறைமுகம் எனப்படுகிறது.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியில் பரவியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். கரையிலும் படகிலும் வலையிலும் அந்த எண்ணெய் கறுப்பாகப் படிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததால் அது நாடெங்கும் செய்தியாயிற்று. அதே வழியில், அதே நீரில், நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேரும் நோய்க்கிருமிகள் எந்தச் செய்தியிலும் இடம்பெறுவதில்லை. அவற்றைக் கண்டறிய நீர்ப் பரிசோதனை ஒன்றே வழி.

சிப்பியை ஏன் தனியாகக் கவனிக்க வேண்டும்?

மீன் நீந்திச் செல்லும்; அசுத்த நீரை விட்டு விலகிப் போகும். சிப்பிக்கு அந்த வசதி இல்லை. ஒட்டிய இடத்திலேயே அது தன் வாழ்நாளைக் கழிக்கிறது. அதற்கு உணவு தேடும் வழி ஒன்றுதான் உண்டு. நீரை ஒரு பக்கம் உள்ளே இழுத்து, செவுள்களால் வடிகட்டி, அதிலுள்ள நுண்ணிய பாசிகளை உண்டு, எஞ்சிய நீரை மறுபக்கம் வெளியேற்றுகிறது. வளர்ந்த ஆளி ஒன்று ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் நீரை இவ்வாறு வடிகட்ட வல்லது.

நம் வீட்டுப் பெண்கள் காப்பியை வடிகட்டும்போது நீர் இறங்கிவிடுகிறது. கசடு துணியில் தங்கிவிடுகிறது. சிப்பியின் உடலும் அத்தகைய துணியே. நீரில் பாசி இருந்தால் பாசி தங்கும். கிருமி இருந்தால் கிருமியும் தங்கும். ஆகவே, சுற்றியுள்ள நீரில் இருப்பதைக் காட்டிலும் பல மடங்கு செறிவான கிருமிகள் சிப்பியின் சதையில் சேர்ந்துவிடக்கூடும். மேலும், மீனைக் குடல் நீக்கித் தின்கிறோம். சிப்பியையோ அதன் குடலோடு சேர்த்தே உண்கிறோம். இந்த இரு காரணங்களால்தான் உலகெங்கும் சுகாதார அதிகாரிகள் சிப்பி விளையும் நீரைத் தனியாகக் கண்காணிக்கின்றனர்.

உலகம் கற்ற பாடம்

இந்தப் பாடத்தை உலக நாடுகள் எளிதில் கற்கவில்லை. இங்கிலாந்தில் 1902ஆம் ஆண்டில் வின்செஸ்டர், சௌத்தாம்ப்டன் நகரங்களில் நடந்த விருந்துகளில் ஆளி உண்டவர்களுள் பலர் டைபாய்டு காய்ச்சலுக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். அந்த ஆளிகள் சாக்கடை விழும் கடற்கரையில் வளர்ந்தவை என்பது பின்னர்த் தெரிய வந்தது. அமெரிக்காவில் 1924ஆம் ஆண்டின் இறுதியில், சாக்கடை நீரால் கெட்ட ஆளிகளால் பல நகரங்களில் டைபாய்டு பரவி, ஏறத்தாழ 1,500 பேர் நோயுற்றனர். சுமார் 150 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டிலேயே, அதாவது 1925இல், சிப்பி விளையும் நீரைச் சோதித்து வகைப்படுத்தும் தேசியத் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. சீனாவின் ஷாங்காய் நகரில் 1988ஆம் ஆண்டில் சரியாக வேகாத மட்டியை உண்டதால் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை நோய் கண்டது.

நாம் சிப்பியைப் பச்சையாக உண்பதில்லை. ஆகவே நமக்கு இந்த ஆபத்து இல்லை என்று சிலர் கருதக்கூடும். இதில் ஓரளவு உண்மை உண்டு. நன்றாக வேகவைத்து உண்ணும் நம் வழக்கம் நம்மைப் பெரிதும் காத்து வந்திருக்கிறது. ஆனால் ஷாங்காய் மக்களும் முற்றிலும் பச்சையாக உண்டவர்கள் அல்லர். கொதிநீரில் சற்றே காட்டி எடுத்து உண்டவர்கள். ஓடு திறந்தவுடன் வெந்துவிட்டது என்று எண்ணுவது நம் சமையலறைகளிலும் உண்டு. சிப்பி கழுவிய நீர் காய்கறியில் தெறிப்பதும், அதே கத்தியால் வெங்காயம் நறுக்குவதும் உண்டு. தவிரவும், நாள் முழுதும் இடுப்பளவு நீரில் நின்று சிப்பி எடுப்போரின் கைகால்களில் ஓடு கீறிய காயங்கள் இருக்கும். கிருமிக்கு அக்காயமும் ஒரு வாசலே.

இரு வகைக் கிருமிகள்

சிப்பியின் மூலம் நோய் உண்டாக்கும் கிருமிகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்வது நலம். ஒரு வகை, மனிதர் அல்லது கால்நடைகளின் மலத்தின் வழியே நீருக்கு வருபவை. டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றின் கிருமிகளும், மஞ்சள் காமாலை உண்டாக்கும் வைரஸ்களுள் சிலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் தடுப்பது நம் கையில் உள்ளது. மலம் நீரில் கலக்காவிடில் இவையும் கலக்கா.

மற்றொரு வகை, உப்பு நீரில் இயற்கையாகவே வாழ்பவை. விப்ரியோ என்னும் குடும்பம் இதில் முக்கியமானது. காலராக் கிருமியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அது மலத்தாலும் பரவும், கழி நீரிலும் தங்கி வாழும். 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காலராக் கிருமியின் புதிய வகை ஒன்று நம் சென்னையில்தான் முதலில் தலைகாட்டியது; ஓ-139 எனப் பெயரிடப்பட்ட அவ்வகை அடுத்த ஆண்டில் கல்கத்தாவிலும் வங்காள தேசத்திலும் பெருவாரியாகப் பரவியது. ஆதலின், காலரா நமக்குப் பழங்கதை அன்று.

இக்குடும்பத்தின் வேறோர் உறுப்பினர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். ஜப்பானில் 1950ஆம் ஆண்டு ஒசாகா நகரில் சிறு மீன் கருவாட்டை உண்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தபோது, டாக்டர் புஜினோ என்பவர் இக்கிருமியைக் கண்டுபிடித்தார். வயிற்றுவலி, கழிச்சல், வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றை இது உண்டாக்கும். வெதுவெதுப்பான இடத்தில் பத்து நிமிஷங்களுக்குள் இது இரட்டிப்பாகப் பெருகக்கூடியது. ஆகவே, காலையில் எடுத்த சிப்பியை வெயிலில் கூடையிலேயே வைத்திருந்து மாலையில் விற்றால், நீரில் சொற்பமாக இருந்த கிருமி கூடையில் ஏராளமாகிவிடும். மூன்றாவதான விப்ரியோ வல்னிபிகஸ் அரிதானது; ஆனால் கொடியது. கல்லீரல் நோய் உள்ளவர்களையும், காயத்தோடு உப்பு நீரில் இறங்குபவர்களையும் இது தாக்கினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இந்த வேற்றுமையை நாம் மனத்தில் நன்கு பதிக்க வேண்டும். முதல் வகையை ஒழிக்கக் கழிவுநீரைத் தடுக்க வேண்டும். இரண்டாம் வகைக்குப் பனிக்கட்டியும் அடுப்பும் தேவை. சாக்கடையே கலவாத தூய கழியிலும் விப்ரியோ இருக்கும் என்பதை மறக்கலாகாது.

சோதனை நடைபெறும் முறை

நீரில் உள்ள ஒவ்வொரு நோய்க்கிருமியையும் தனித்தனியே தேடுவது கடினம், செலவும் மிகுதி. ஆகவே ஒரு சாட்சியைத் தேடுகிறார்கள். அந்தச் சாட்சி, 1885ஆம் ஆண்டில் எஸ்செரிச் என்னும் மருத்துவர் கண்டறிந்த ஈ. கோலை என்னும் நுண்ணுயிர். மனிதரும் கால்நடைகளும் உட்பட வெப்பக்குருதி உயிர்களின் குடலில் இது கோடிக்கணக்கில் வாழ்கிறது. பெரும்பாலான வகைகள் தீங்கு செய்வதில்லை. ஆனால் இது நீரில் காணப்பட்டால், அந்நீரில் மலம் கலந்திருக்கிறது என்பது உறுதி. திருடனைக் காணாவிட்டாலும் அவன் காலடித் தடத்தைக் காண்பதைப் போன்றது இது.

முதலில் நீரின் மாதிரியை எடுப்பார்கள். கிருமி நீக்கிய புட்டியை நீர்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ ஓரடி ஆழத்தில், நீரோட்டத்தை எதிர்நோக்கி, கை படாத வகையில் திறந்து நிரப்ப வேண்டும். உடனே மூடிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கூடுமானால் 6 மணி நேரத்திற்குள் பரிசோதனைச்சாலையில் சேர்க்க வேண்டும். சிப்பியையும் சோதிப்பதாயின் ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு உயிருள்ள சிப்பிகளைச் சேகரித்து, சேறு போக அலசி, அதே போலக் குளிர்ந்த நிலையில் அனுப்ப வேண்டும். புட்டியின் மேல் இடம், நாள், நேரம், அப்போது ஓதம் ஏறியதா வற்றியதா, முந்திய நாள்களில் மழை பெய்ததா என்பவற்றை எழுதியிருக்க வேண்டும். இக்குறிப்பு இல்லாத மாதிரி, பெயர் இல்லாத கடிதத்திற்குச் சமம்.

பரிசோதனைச்சாலையில் பால் சர்க்கரை சேர்ந்த சத்துநீரைக் கண்ணாடிக் குழாய்களில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு குழாயினுள்ளும் சிறு குழாய் ஒன்று தலைகீழாக நிற்கும். மாதிரி நீரை 10 மில்லி லிட்டர், 1 மில்லி லிட்டர், 0.1 மில்லி லிட்டர் என மூன்று அளவுகளில், அளவுக்கு ஐந்து குழாயாகச் சேர்ப்பார்கள். உடற்சூட்டுக்கு நிகரான வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், குடல்வகைக் கிருமி இருக்கும் குழாயில் சர்க்கரை புளித்து வாயு உண்டாகி உட்குழாயில் குமிழாகத் தங்கும். அத்தகைய குழாய்களிலிருந்து எடுத்து 44.5 டிகிரி வெப்பத்தில் மறுபடியும் வளர்த்துப் பார்ப்பார்கள். அந்தச் சூட்டையும் தாங்கி வாயு தருபவை மலவழி வந்தவை எனக் கொள்வர். எத்தனை குழாய்களில் வாயு தோன்றியது என்பதைக் கொண்டு, 100 மில்லி லிட்டரில் இத்தனை கிருமிகள் இருக்கக்கூடும் என்று அட்டவணை பார்த்துக் கணக்கிடுவார்கள்.

விப்ரியோவுக்கு இந்தச் சாட்சி பயன்படாது. அதற்கெனத் தனி ஊட்டத் தட்டு உண்டு. அதில் காலராக் கிருமி மஞ்சள் புள்ளிகளாகவும், பாராஹீமோலிட்டிகஸ் பச்சைப் புள்ளிகளாகவும் வளரும். இவை முதல் அடையாளங்களே. மேற்கொண்டு சோதித்தே முடிவு கூறுவர்.

கிராமங்களில் குடிநீரைச் சோதிக்கத் தரப்படும் சிறு புட்டிகளைப் பலரும் அறிவோம். நீரை ஊற்றி வைத்தால், அசுத்தமாயின் ஓரிரு நாளில் கறுத்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் பல ஊர்களில் பெண்கள் இச்சோதனையில் பயிற்சி பெற்றுள்ளனர். ஆனால் கழி நீருக்கு இதைப் பயன்படுத்துதல் கூடாது. கழிச் சேற்றில் இயற்கையாகவே கந்தகச் சேர்மங்கள் உண்டாதலால், மலம் கலவாத நீரும் கறுத்துக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

எவ்வளவு இருக்கலாம்?

அமெரிக்க முறைப்படி, சிப்பியைத் தடையின்றி எடுக்கத்தக்க நீரில் மலவழிக் கிருமிகளின் நடுத்தர அளவு 100 மில்லி லிட்டருக்கு 14க்கு மேற்படலாகாது. ஐரோப்பிய முறை நீரை விட்டுச் சிப்பியின் சதையையே அளக்கிறது. 100 கிராம் சதையில் ஈ. கோலை 230க்குள் இருப்பது பொதுவாக முதல் வகுப்பு, நேரே விற்கலாம். 4,600 வரையில் இரண்டாம் வகுப்பு. தூய நீரில் வைத்துச் சுத்தம் செய்தோ, முறைப்படி வேகவைத்தோ விற்க வேண்டும். 46,000 வரையில் மூன்றாம் வகுப்பு. வேறு நல்ல நீருக்கு மாற்றி இரண்டு மாதமேனும் வளர்த்தோ, ஆலையில் வேகவைத்தோதான் விற்கலாம். அதற்கு மேற்பட்டால் எடுக்கவே கூடாது.

நம் நாட்டில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் கடலோர நீரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துள்ளன. அவற்றுள் சிப்பி எடுக்கும் நீரும், உப்பளத்திற்கான நீரும், கடல் உயிர் வளர்க்கும் நீரும் முதல் வகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. குளிப்பதற்குரிய நீர்கூட இரண்டாம் வகுப்பே. ஆகவே, மனிதர் குளிக்கும் நீரைக் காட்டிலும் சிப்பி விளையும் நீர் தூயதாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து. உணவுத் தரம் பற்றிய விதிகளிலும் சிப்பி இனங்களுக்கெனக் கிருமி அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. கேரளத்தின் அஷ்டமுடி ஏரியின் மட்டித் தொழில், ஒழுங்கான கட்டுப்பாடுகளால் 2014ஆம் ஆண்டில் சர்வதேசச் சான்றிதழ் பெற்றது. கிராம மக்கள் தாமே கூடி விதி வகுத்து நடந்தால் நல்ல விலையும் கிட்டும் என்பதற்கு அது சான்று.

ஒரு முறை சோதித்து முடிவு கட்டுவதில் பயனில்லை. வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் ஊரின் அழுக்கை எல்லாம் திரட்டி வரும். அப்போது எண்ணிக்கை ஏறும். ஓதம் வற்றும்போது ஆற்று நீரும், ஏறும்போது கடல் நீரும் கழியை நிரப்பும். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் அழுக்கு உள்ளேயே தேங்கும். ஆதலின் மாதந்தோறும், குறித்த இடங்களில், மழைக்கு முன்னும் பின்னும் சோதித்தால்தான் நீரின் இயல்பு புலப்படும்.

சுத்தம் செய்தும் நீங்காதவை

சிப்பியைக் கிருமி நீக்கிய கடல் நீரில் ஓரிரு நாள் வைத்திருந்தால், அது தானே நீரை வடித்து வடித்துத் தன் குடலைச் சுத்தம் செய்துகொள்ளும். இம்முறை ஈ. கோலையை நன்கு குறைக்கும். ஆனால் விப்ரியோவும் வைரஸும் அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை. ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களோ மாதக்கணக்கில் சதையில் தங்கிவிடும், வேகவைத்தாலும் போகா. தொழிற்சாலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் படியும் கழியில், கிருமிச் சோதனையோடு உலோகச் சோதனையும் நடத்துவது அவசியம்.

இன்னொரு நஞ்சும் உண்டு. 1981ஆம் ஆண்டில், சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் மட்டி உண்டவர்களுள் 3 பேர் இறந்தனர். 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது கிருமியால் வந்ததன்று. நீரில் சில காலங்களில் திடீரெனப் பெருகும் நுண்பாசியின் நஞ்சு மட்டியில் சேர்ந்ததே காரணம். உதடும் விரலும் மரத்துப்போதல் இதன் முதல் அறிகுறி. கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழியாது. கழி நீரின் நிறம் வழக்கத்திற்கு மாறாகச் சிவந்தோ பழுப்பாகவோ தோன்றினால், அதிகாரிகள் சோதித்துச் சொல்லும் வரையில் மட்டியையும் சிப்பியையும் எடுக்காதிருப்பதே அறிவுடைமை. ஆயினும் நிறம் மாறாத நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால், கண்ணை மட்டும் நம்பாமல் சோதனையையும் கேட்டுப் பெற வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

எண்ணூரும் திருவொற்றியூரும் இன்று சென்னை மாநகராட்சியில் அடங்கியவை. ஆனால் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, பழவேற்காடு முதலிய கழியோர ஊர்களும், கொசஸ்தலையாற்றின் மேற்புறத்து ஊர்களும் பஞ்சாயத்துகளே. மேலே விட்ட அழுக்கு கீழே விளையும் சிப்பியில் வந்து சேருகிறது. எனவே கடலையே காணாத ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு.

முதலாவது, தன் எல்லைக்குள் ஆற்றிலும் கழியிலும் விழும் வாய்க்கால், குழாய், கழிப்பிடம், மாட்டுக் கொட்டில் ஆகியவற்றை நேரில் நடந்து பார்த்துப் பட்டியலும் வரைபடமும் தயாரிக்க வேண்டும். இதற்குப் பரிசோதனைச்சாலை வேண்டுவதில்லை. கண்ணும் காலும் போதும். எந்த நாட்டிலும் சிப்பி நீர்க் கண்காணிப்பின் முதற்படி இதுவே.

இரண்டாவது, மலக்கழிவு ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவில் ஓடையிலும் வயலிலும் திறந்துவிடுவதைத் தடுக்க வேண்டும். அவை சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும் என்பது சட்டம். வீடுகளின் கழிவுத்தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இயந்திரத்தால் காலி செய்ய ஏற்பாடு வேண்டும். மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம்.

மூன்றாவது, விவசாயிகள் தொழுவுரக் குழியை வாய்க்கால் கரையில் வெட்டாமல் உள்ளே தள்ளி வைத்து, மழைநீர் புகாதபடி வரப்பு கட்ட வேண்டும். மாட்டுச் சாணம் வயலில் கிடந்தால் எரு. ஆற்றில் கலந்தால் நோய்.

நான்காவது, நீரைச் சோதிக்கும்படி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் மீன்துறைக்கும் கிராம சபைத் தீர்மானத்தின் மூலம் எழுதலாம். ஆண்டுதோறும் மார்ச் 22ஆம் தேதி, உலக நீர் நாளில் கூடும் கிராம சபை இதற்கு மிகவும் ஏற்றது. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருப்பதால் அங்குள்ள நிபுணர்களின் ஆலோசனையையும் நாடலாம். முடிவுகளைத் தமிழில் எழுதி, பஞ்சாயத்து அலுவலகத்திலும் மீன் இறங்கு துறையிலும் ஒட்ட வேண்டும்.

கழிவுநீரைத் திருத்திப் பயன்படுத்த இயலும் என்பதற்கு அருகிலேயே உதாரணம் உண்டு. கொடுங்கையூரில் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலையம், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மிக உயர்ந்த தரத்திற்குச் சுத்திகரித்து வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் திறனுடன் அமைக்கப்பட்டது. இவ்வாறு திருப்பப்படும் ஒவ்வொரு லிட்டரும் கால்வாய்க்குச் செல்லாத லிட்டராகும்.

வீட்டிலும் துறையிலும்

சிப்பி எடுப்போர் கையுறையும் காலணியும் அணிவது நல்லது. காயம் பட்டால் உடனே நல்ல நீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும். காயம் சிவந்து வீங்கினால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டி, உப்பு நீரில் பட்ட காயம் என்பதையும் சொல்ல வேண்டும். எடுத்த சிப்பியை நிழலில், ஈரச் சாக்கினால் மூடி, பனிக்கட்டியோடு கொண்டு செல்ல வேண்டும். சமைக்குமுன், தட்டினாலும் மூடாமல் திறந்தே கிடக்கும் சிப்பியை எறிந்துவிட வேண்டும். கொதிநீரில் ஓடு திறந்த பின்னும் 3 முதல் 5 நிமிஷம் வரை கொதிக்க விட்டு, பிறகே குழம்பில் சேர்க்க வேண்டும். திறவாதவற்றை உண்ணலாகாது. கர்ப்பிணிகளும், கல்லீரல் நோயாளிகளும், சிறு குழந்தைகளும் அரைவேக்காட்டை அறவே தவிர்க்க வேண்டும்.

அச்சம் வேண்டா

சோதனை என்றால் சில மீனவர்கள் அஞ்சுவது இயல்பே. நீர் கெட்டுவிட்டது என்று எழுதிவிட்டால் அன்றாடப் பிழைப்பு என்னாவது என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அழுக்கை நீரில் விட்டவர் வேறொருவர். வருமானத்தை இழப்பவர் சிப்பி எடுப்பவர். ஆகவே, கழியை மூட நேரும் நாள்களுக்கு நிவாரணமும், அழுக்கை விட்டவர்மேல் நடவடிக்கையும் சோதனையோடு சேர்ந்தே வர வேண்டும். பஞ்சாயத்து இதை வற்புறுத்திக் கேட்பது அதன் கடமை.

ஆனால் சோதனை இல்லாமையும் பிழைப்பைக் காப்பதில்லை. 2017ஆம் ஆண்டு ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, நல்ல மீனையும் வாங்க மக்கள் தயங்கினர். எது நல்லது, எது கெட்டது என்று எடுத்துக் காட்ட ஆதாரம் இல்லாத இடத்தில் வதந்தியே தீர்ப்பு வழங்கிவிடுகிறது. மாதந்தோறும் எழுதிய கணக்கு கையில் இருந்தால், இன்ன தேதியில் நீர் கெட்டது, இன்ன தேதியில் தேறியது, இன்ன வாய்க்காலால் கெட்டது என்று மீனவர் தலைநிமிர்ந்து கூறலாம். வழக்கு மன்றத்திலும் அக்கணக்கே பேசும்.

ஆற்றின் மேற்புறத்தில் உழுபவரும், கழியின் கீழ்ப்புறத்தில் சிப்பி எடுப்பவரும் ஒரே நீரின் இரு கரையினர். வரும் கிராம சபையில் இப்பொருளை ஒவ்வொரு பஞ்சாயத்தும் எடுத்துக்கொண்டு, தன் எல்லையில் ஆற்றில் விழும் வாய்க்கால்களின் பட்டியலையேனும் முதலில் தயாரிக்கும் என்று நம்புகிறோம்.